வினாத்தாளில் இல்லாத தரவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் சேர்க்கை நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பிரிவை எடுக்கலாம், எதற்கு வேலைவாய்ப்பு அதிகம் என்று உங்கள் நாளிதழ் தொடர் கட்டுரைகள் வெளியிடுகிறது. கவலையோடு படிக்கும் பெற்றோருக்கு அவை உதவத்தான் செய்கின்றன. ஆனால் நான் தேடிய ஒரு விஷயம் அவற்றில் எதிலும் இல்லை: பிற துறையினரோடும், தான் கட்டுவதைப் பயன்படுத்தப் போகும் மக்களோடும் சேர்ந்து யோசிக்க மாணவருக்கு யாராவது கற்றுத்தருகிறார்களா? அதற்காகவே இந்தக் கடிதம். சிவில் துறையில் நீரியலும் குடிநீர் வழங்கலும் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கல்லூரிக்கு வருமுன் குடிநீர்க் குழாய்த் திட்டங்களை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். கடிதம் நீளமானது. இடமில்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், வங்கதேசக் கிணறுகளைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பாடத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. ஓர் ஊரின் மக்கள்தொகை இவ்வளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர், நீர்த்தேக்கத் தொட்டி இத்தனை மீட்டர் உயரத்தில், குழாயின் உராய்வு எண் இது, விட்டம் காண்க. நன்றாகப் படித்த பிள்ளை பத்து நிமிடத்தில் முடித்துவிடும். இந்தக் கணக்கு அவசியம் வேண்டும். இதைப் போடத் தெரியாதவர் கையில் ஒரு ஊரின் குடிநீரை ஒப்படைக்க முடியாது. என் மனக்குறை வேறு. அந்த மக்கள்தொகையில் வாடகைக்கு வந்து போகிறவர்களைச் சேர்த்தார்களா, இருபது ஆண்டு கழித்தும் அந்த ஊற்றில் தண்ணீர் இருக்குமா, அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது, மோட்டாருக்கான மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள், தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடியில் நிற்க யாருக்கு முடியும் என்பதெல்லாம் கணக்கு தொடங்குவதற்கு முன்பே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். மாணவர் கையில் வருவது வேலியடித்து முடித்த நிலம். நான்கு ஆண்டுகளும் அப்படித்தான். எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது, யாரைப் போய்க் கேட்பது என்று தானே முடிவெடுக்கும் வாய்ப்பு ஒரு செமஸ்டரில்கூட அவருக்குக் கிடைப்பதில்லை. சுற்றுச்சூழலும் பேரிடர் தாங்கும் திறனும் மக்களின் தேவையும் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியேதான் கிடக்கின்றன.

இதற்கு மருந்தாக இப்போது 'சுற்றுச்சூழல்' என்று ஒரு தாள், 'அறநெறி' என்று ஒரு தாள், சில இடங்களில் 'நிலைத்த வளர்ச்சி' என்று விருப்பப்பாடம் ஒன்று வைக்கிறார்கள். அவற்றைப் படித்துவிட்டு மறுநாள் குழாய்க் கணக்குக்கு வரும் மாணவர், முன்பு போட்டபடியேதான் போடுகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி யாரும் அவரிடம் கேட்பதில்லை. தேர்விலும் கேட்பதில்லை.

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970களில் அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்துகொண்டிருந்தார்கள். யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் அரசும் சேர்ந்து ஆழமில்லாத குழாய்க் கிணறுகளைப் போட்டன. பிறகு மக்களே தங்கள் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். மலிவு, எளிது, கை பம்பை அடித்தால் தெளிந்த நீர். கிருமியைக் கணக்கிட்டால் அது நல்ல வடிவமைப்பு. அதில் ஆர்சனிக் இருக்கிறதா என்று மட்டும் யாரும் சோதிக்கவில்லை. ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

அது எங்கிருந்து வந்தது? இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த வண்டலில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் உண்டு; ஆர்சனிக் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலோடு புதைந்த மக்கும் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் காற்றில்லாத அடியடுக்கில் இரும்பு ஆக்சைடைக் கரைக்கின்றன. இரும்பு கரையும்போது ஆர்சனிக்கும் நீருக்கு வந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள மண்ணியல், வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கிணறு தோண்டும் மேசையில் அவர்கள் யாருமில்லை.

ஆபத்தை முதலில் கண்டவர் பொறியாளரும் அல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில், 1980களின் தொடக்கத்தில், தோல் மருத்துவர் கே.சி. சாஹா தன்னிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் தோலில் இருந்த புள்ளிகளையும் உள்ளங்கைத் தடிப்பையும் பார்த்து, இது ஆர்சனிக் நஞ்சு என்று அடையாளம் கண்டார். வங்கதேசக் கிணறுகளில் அது உறுதியானது 1993இல். அதற்குள் ஒரு தலைமுறை அந்த நீரைக் குடித்து வளர்ந்துவிட்டது. வரலாற்றிலேயே மிகப் பெரிய அளவில் ஒரு மக்கள்கூட்டம் நஞ்சூட்டப்பட்ட நிகழ்வு இது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2000இல் எழுதினார்கள். நஞ்சுக்கு ஆளாகும் நிலையில் இருந்தவர்கள் மூன்றரைக் கோடியிலிருந்து ஏழு கோடியே எழுபது லட்சம் வரை என்பது அப்போதைய மதிப்பீடு.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்; பாடம் நடத்துகிறவளுக்கு அதுதான் முக்கியம். லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, நாட்டின் வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, அதற்குள் இருந்தால் பச்சை என்று பம்புக்கு வண்ணம் அடித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம். அது தனி விவாதம். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று சிவப்பும் ஒன்று பச்சையுமாக இருப்பது அங்கே சாதாரணம். ஆகவே பச்சைக் கிணற்றுக்கு மாறினால் போதும் என்பது பொறியியல் விடை. ஆனால் கிணறு அடுத்தவர் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. குடத்தோடு அந்த முற்றத்துக்குள் நாள்தோறும் போக வேண்டியவர் ஒரு பெண். அந்த வீட்டாரோடு பேச்சுவார்த்தை உண்டா, வெளியே அவ்வளவு தூரம் போக அவரை விடுவார்களா என்பதையெல்லாம் எந்தச் சோதனைப் பெட்டியும் காட்டாது. தோலில் புள்ளி விழுந்த பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது, நோயை மறைத்தார்கள். இத்தனையும் குடிநீர் வழங்கல் என்ற ஒரே பாடத்துக்குள் வருகிறவை. நான் இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். முடிவில் ஒருவராவது "மேடம், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்பார். வராது என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். எது மதிப்பெண்ணுக்கு வருகிறதோ அதைத்தான் முக்கியம் என்று நாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பேரிடர் தாங்கும் திறன் என்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடுங்குளிர் வந்தபோது நடந்ததை எலக்ட்ரிக்கல் மாணவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். குளிரில் எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்தன. மின்சாரம் போதாமல் பகுதி பகுதியாக மின்னை நிறுத்தினார்கள். நிறுத்திய பகுதிகளில் எரிவாயுவை எடுத்து அனுப்பும் நிலையங்களும் இருந்தன. அவற்றுள் பல, மின்னை நிறுத்தக் கூடாத இடங்களின் பட்டியலில் பதிவாகவே இல்லை. அங்கே மின்சாரம் போனதும் எரிவாயு குறைந்தது, எரிவாயு குறைந்ததும் மின்நிலையங்கள் மேலும் நின்றன. மின்சாரம் போனதால் நீரேற்று நிலையங்கள் தடுமாறி, ஒரு கோடிக்கும் மேலானவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி சொல்லப்பட்டார்கள். மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். மின்சாரப் பொறியாளருக்கு எரிவாயு 'வெளியிலிருந்து வருவது'. எரிவாயுப் பொறியாளருக்கு மின்சாரம் 'வெளியிலிருந்து வருவது'. குடிநீர்ப் பொறியாளருக்கு இரண்டுமே அப்படித்தான். ஒவ்வொருவரும் தன் வேலிக்குள் நேர்மையாக வேலை செய்திருக்கலாம். உடைந்தது வேலிகளுக்கு இடையில்.

எங்கள் கல்லூரியில் ஒரு பைனல் இயர் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. எலக்ட்ரானிக்ஸ் மாணவர் நால்வர் வெள்ள எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். வாய்க்காலின் நீர்மட்டத்தை ஒலியலையால் அளந்து, குறிப்பிட்ட உயரம் தாண்டினால் சுற்றியுள்ளவர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். சுத்தமான வேலை, அளவீட்டில் பிழை மிகக் குறைவு. கருவியைச் சோதிக்க எங்கள் ஹைட்ராலிக்ஸ் லேப் தொட்டியைப் பயன்படுத்தியிருந்ததால் லேப் உதவியாளரும் ஓரமாக நின்றிருந்தார். தேர்வாளர் திருப்தியோடு எழுந்துவிட்டார். அப்போது அந்த லேப் உதவியாளர் கேட்டார்: "தம்பி, வெள்ளம் வர்ற ராத்திரி கரன்ட் இருக்குமா? டவருக்கே கரன்ட் இல்லேன்னா இந்த மெசேஜ் எப்படிப் போகும்?" பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டவர்ல பேட்டரி இருக்கும்ணே" என்றான் ஒருவன். "எவ்வளவு நேரத்துக்கு?" என்றார் அவர்.

அவர்கள் நல்ல பிள்ளைகள். மதிப்பெண் போட்டு முடிந்த பிறகும் விடவில்லை. வாய்க்கால் கரையில் குடியிருப்பவர்களிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். இரவில் போனை அணைத்து வைக்கிறவர்கள் பாதிக்கு மேல். மெசேஜ் வந்தாலும் எங்கே போவது என்று தெரியாது. போக வேண்டிய கூடம் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்பது அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கருவியின் துல்லியத்தை அரை சென்டிமீட்டர் கூட்டுவதற்கு அவர்கள் செலவிட்ட மாதங்களில் ஒரு பிற்பகலை இந்தச் சாவிக்குச் செலவிட்டிருந்தால் அந்தக் கருவியின் வடிவமே மாறியிருக்கும். கூடவே ஒரு எலக்ட்ரிக்கல் பிள்ளையும், ஒரு சிவில் பிள்ளையும், சமூகவியல் படிக்கும் ஒருவரும் முதல் நாளிலிருந்து இருந்திருந்தால் இந்தக் கேள்விகள் வைவா முடிந்த பிறகு வந்திருக்காது. அந்த லேப் உதவியாளருக்கு வைவாவில் மதிப்பெண் போடும் உரிமை கிடையாது. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யார் பழுதுபார்ப்பார்கள் என்ற ஒரு கேள்வி இயந்திரத்தின் வடிவத்தையே மாற்றியதற்குக் கை பம்பு நல்ல சான்று. பழைய ஆழ்கிணற்றுக் கை பம்புகளில் ஒரு வாஷர் தேய்ந்தால், கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு வண்டி வேண்டும், ஆட்கள் வேண்டும். அவர்கள் வரும்வரை பம்பு பழுதாகவே கிடக்கும். கிராமத்தாரே பராமரிக்கும்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் 1980களில் வலுப்பெற்ற பிறகு, குழாயை அப்படியே விட்டுவிட்டு உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்கும்படி குழாயின் விட்டத்தை உருளையின் விட்டத்தைவிடப் பெரிதாக்கினார்கள். சில கருவிகளோடு ஊர்ப் பெண்களே வாஷர் மாற்ற முடிந்தது. மெக்கானிக்கல் மாணவர் இதைத் தன் பாடமாகவே படிக்கலாம்: விட்டம் ஏன் அது? ஏனென்றால் பழுதுபார்ப்பவர் இவர்.

வரலாறும் பொறியியலுக்குத் தரவுதான். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் எழுந்த ஆழிப்பேரலையில் ஃபுகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலையத்துக்கு என்ன ஆனது என்று உலகுக்கே தெரியும். அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை தாழ்வான அடித்தளத்தில் இருந்தன, நீரில் மூழ்கின. நிலநடுக்கத்தின் மையத்துக்கு அதைவிட அருகில் இருந்த ஒனகாவா நிலையத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அங்கும் ஏறக்குறைய 13 மீட்டர் அலை வந்தது. நிலநடுக்கத்தில் தரையே ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆனாலும் அலை நிலையத்தின் தளத்தை மூழ்கடிக்கவில்லை, ஏனென்றால் அதை 14.8 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள். அந்த உயரத்துக்காக 1960களின் இறுதியில் விடாப்பிடியாக வாதாடியவர் யனோசுகே ஹிராய் என்ற பொறியாளர். அந்த வட்டாரத்தில் பிறந்தவர். 869ஆம் ஆண்டு அந்தக் கரையைத் தாக்கிய ஜோகன் பேரலை எவ்வளவு உள்ளே வந்தது என்று அறிந்தவர். ஆயிரத்து நூறு ஆண்டு பழைய செய்தியை அவர் கான்கிரீட்டின் உயரமாக மாற்றினார். அலை வருமுன் கடல் பின்வாங்கும், அப்போது குளிர்விக்கும் நீர் இல்லாமல் போகும் என்பதையும் கணக்கிட்டு, நீர் தேங்கி நிற்கும்படி உறிஞ்சு வாயை அமைக்கச் செய்தார். ஒனகாவாவிலும் சேதம் இருந்தது. ஓர் அடித்தளத்தில் நீர் புகுந்தது, வெளியிலிருந்து வரும் ஐந்து மின்வழிகளில் ஒன்றுதான் மிஞ்சியது. ஆனால் உலைகள் பாதுகாப்பாக நின்றன. வீடிழந்த அக்கம்பக்கத்து மக்கள் சில நூறு பேர் அந்த நிலையத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். ஹிராய் 1986இல் காலமாகிவிட்டார். இதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு ஹிராய் தற்செயலாகக் கிடைத்தார் என்று நாம் ஆறுதல் கொள்ளக் கூடாது. தான் கட்டப்போகும் இடத்தின் கடந்தகாலத்தை ஆவணக் காப்பகத்திலும் மண்ணடுக்கிலும் முதியவர்களின் பேச்சிலும் தேடுவதை மாணவருக்குக் கற்றுத்தர முடியும். வரலாற்றுத் துறையும் நிலவியல் துறையும் அதே வளாகத்திலோ பேருந்தில் போகும் தூரத்திலோ இருக்கின்றன. கால அட்டவணைதான் ஒத்துவருவதில்லை.

பல துறையினர் ஒன்றாக உட்கார்ந்தால் வேலை நடக்காது, பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று என் சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. உண்மை, நேரம் பிடிக்கும், செலவும் கூடும். நெதர்லாந்தில் 1953இல் ஜனவரி 31 இரவு தொடங்கிய கடல் வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தார்கள். இனி ஒருபோதும் இது நடக்கக் கூடாது என்று கழிமுகங்களை அணைகட்டி அடைக்கத் தொடங்கினார்கள். கிழக்கு ஸ்கெல்ட் என்ற கழிமுகத்தையும் முழுதாக அடைத்துவிடுவதுதான் திட்டம். அப்போது மீனவர்களும், சிப்பி வளர்ப்பவர்களும், உயிரியலாளர்களும் எதிர்த்தார்கள். அலையேற்றம் நின்றால் உப்புநீர் வாழ்வு முழுதும் செத்துவிடும் என்றார்கள். வேலை தொடங்கிய பிறகு, 1970களின் நடுவில், திட்டத்தை மாற்றினார்கள். 62 எஃகு மதகுகள் கொண்ட, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத் தடுப்பு 1986இல் திறக்கப்பட்டது. சாதாரண நாளில் மதகுகள் மேலே இருக்கும், கடல் உள்ளே வந்து போகும். புயல் நாளில் மட்டும் இறங்கும். மண் அணையைவிடப் பல மடங்கு செலவு. ஆனால் உயிரையும் காத்து, சிப்பியையும் காத்தது.

என் மாணவர்களுக்கு நான் இத்தோடு நிறுத்தியதில்லை. தடுப்பு வந்த பிறகு நீரோட்டத்தின் வேகம் குறைந்தது. புயல் அலை அரித்துக்கொண்டு போகும் மணலைத் திரும்ப மேட்டுக்குக் கொண்டுவரும் வலு அலையேற்றத்துக்கு இல்லை. பறவைகள் இரைதேடும் மணல்திட்டுகள் ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருக்கின்றன. 'மணல் பசி' என்கிறார்கள் அந்த நாட்டார். இப்போது வெளியிலிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டித் திட்டுகளுக்கு ஊட்டுகிறார்கள். ஆகவே கட்டி முடித்ததும் கோப்பை மூடிவிட முடியாது. அந்தத் தடுப்போடு கூடவே உயிரியலாளரும் பொறியாளரும் தலைமுறை தலைமுறையாக இருந்தாக வேண்டும். அப்படி இருக்கப் பழகியவர்களை எந்தக் கல்லூரி உருவாக்குகிறது?

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் எதிலும் ஆழம் இருக்காது என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். லண்டனின் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. நடப்பவர்களின் காலடியில் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. வடிவமைத்தவர்கள் உலகின் தேர்ந்த பொறியாளர்கள். தரை லேசாக அசைந்தால் மனிதர் தன்னையறியாமல் காலை அகட்டி, அசைவோடு ஒத்து நடப்பார். அந்த நடையே பாலத்தை மேலும் தள்ளும். மனித உடலின் இந்தப் பழக்கம் அவர்கள் கையாண்ட விதிமுறைகளில் இல்லை. இது பல துறைகளையும் தொடும் அகலமான படிப்பு இல்லாததன் விளைவு. ஆனால் அதைச் சரிசெய்தது எது? ஆட்களை நடக்கவைத்து அளந்து, அதிர்வுக் கணக்கை அணுவணுவாகப் போட்டு, பல பத்து அதிர்வடக்கிகளைப் பொருத்தி 2002இல் திறந்தார்கள். மேலோட்டமாகப் படித்தவரால் அதைச் செய்திருக்கவே முடியாது. ஆகவே தெர்மோடைனமிக்ஸை (வெப்ப இயக்கவியலை) குறைத்து அந்த இடத்தில் சமூகவியல் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. தெர்மோடைனமிக்ஸ் கணக்கைச் சமூகம் இருக்கும் இடத்தில் வைத்துக் கேளுங்கள் என்கிறேன்.

எப்படி என்றால், கான்கிரீட் உத்தரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இப்போது சுமை கொடுத்து, கம்பியின் அளவு கேட்கிறோம். அதே கணக்கில் இன்னொரு பகுதி: இந்த உத்தரத்துக்கான சிமென்ட் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது? சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 100 கிராமுக்கு 44 கிராம் வாயுவாகப் போய்விடும், 56 கிராம்தான் சுண்ணாம்பாக மிஞ்சும். இது பள்ளிக்கூட வேதியியல். சிமென்டாக அரைப்பதற்காகச் சூளையில் சுட்டெடுக்கும் கட்டியான கிளிங்கரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்பு. இந்தக் கணக்குப்படி ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன் வாயு கல்லிலிருந்தே வருகிறது, சூளைக்கு எரித்த எரிபொருள் தனி. அப்படியானால் சூளை முழுவதும் சூரிய மின்சாரத்தில் ஓடினாலும் வாயுவில் பாதிக்கு மேல் வந்துகொண்டேதான் இருக்கும் என்று மாணவர் தானே கண்டுபிடிப்பார். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்டால் என்ற செய்தி அப்போதுதான் அவருக்குச் சொந்தமாகும். பிறகு கேள்வி தானாக விரியும்: இந்தத் தளத்துக்கு இவ்வளவு கனம் வேண்டுமா, பழைய கட்டடத்தை இடிக்காமல் விட முடியுமா, கிளிங்கருக்குப் பதில் எதைக் கலக்கலாம், கலந்தால் இறுக எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களுக்கான கூலி யார் தலையில் விழும்? பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். வினாத்தாளை மாற்றினால் போதும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்தே மாணவர் குழுக்கள் நிஜமான சிக்கலை எடுத்துப் படிக்கும் முறையில் இயங்குகிறது; ஒவ்வொரு செமஸ்டரிலும் ஏறக்குறைய பாதி நேரம் அதற்கே. அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனம் 1970இல் தன் பாடமுறையை மாற்றியது. தொழில்நுட்பமும் சமூகமும் சந்திக்கும் ஒரு சிக்கலில், வேறு வேறு பிரிவு மாணவர்கள் சேர்ந்து வேலை செய்யாமல் அங்கே பட்டம் கிடையாது. பல நாடுகளின் பொறியியல் பட்டங்கள் ஒன்றையொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கை 1989இல் ஏற்பட்டது. பட்டதாரிக்கு இருக்க வேண்டிய திறன்களின் பட்டியலை 2021இல் திருத்தி, நிலைத்த வளர்ச்சியையும் பலதுறைக் குழுவில் இயங்குவதையும் இன்னும் அழுத்தமாக எழுதினார்கள். தாளில் எல்லாம் இருக்கிறது. அங்கீகாரக் குழு வரும் வாரத்தில் கோப்புகளிலும் இருக்கிறது.

தடை எங்கே என்று உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பைச் சேர்ந்து எடுத்தால் அந்த மணிநேரம் யாருடைய பணிச்சுமையில் ஏறும் என்பதற்கு விதி இல்லை. நடைமுறையில் பாதிப் பாதியாக ஏறும். வேலை இரண்டு மடங்கு. வேறு துறையினரோடு சேர்ந்து எழுதும் ஆய்வுக்கட்டுரை பதவி உயர்வில் எடுபடுவதில்லை. கலப்புக் குழுவுக்கு எந்தத் துறை வைவா நடத்தும் என்பதில் தொடங்கும் சச்சரவு கூட்டம் கூட்டமாக நீளும். இளைய ஆசிரியர்களுக்கு ஆசை இருக்கிறது, எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். ஆனால் தங்கள் வேலையைப் பணயம் வைத்து அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது துணைவேந்தர்களும் நிதி ஒதுக்குகிறவர்களும் தீர்க்க வேண்டியது: சேர்ந்து நடத்தும் வகுப்பை இருவருக்கும் முழு மணியாகக் கணக்கிடுங்கள். பிராஜெக்ட் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கொடுங்கள். முதலாண்டில் எடுத்த சிக்கலையே நான்காம் ஆண்டிலும், கூடிய அறிவோடு, மறுபடி தொட விடுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த சேர்க்கைத் தொடரில், கல்லூரிகளிடம் சம்பளத்தையும் வேலைவாய்ப்பு சதவீதத்தையும் கேட்கும்போது இதையும் கேட்டு அச்சிடுங்கள்: உங்கள் மாணவர், தான் வடிவமைப்பதைப் பயன்படுத்தப் போகிறவரை எந்த ஆண்டில் முதன்முதலாக நேரில் சந்திக்கிறார்? பதில் சொல்லாத கல்லூரிகளின் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விடுங்கள். ஆசிரியர்களுக்காக, மேலே சொன்ன உத்தரக் கணக்கைப் போல ஒவ்வொரு பிரிவுக்கும் சில மாதிரிக் கேள்விகளை நானும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், வேதியியல் துறை நண்பர்கள் சிலரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கல்வி இணைப்பில் வாரம் ஒன்றாக வெளியிட இடம் தருவீர்களானால், மதிப்பெண் பகிர்வோடு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிவில் பொறியியல் பேராசிரியை ஒருவர்